உப்புப் படம் ஓடிய ஞாயிற்றுக்கிழமை

ஏற்கெனவே ஊருக்கெல்லாம் தெரிந்த கதையை எடுத்தால்தான் படம் ஜனங்கள் மனதில் நிற்குமா, இல்லை புதுக் கதைக்கும் அந்த யோகம் உண்டா என்று, பேசும் படம் வந்ததிலிருந்து ஆளாளுக்கு வாதம் பண்ணுகிறார்கள். குளுவாங் சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி ஆறிப்போவது தெரியாமல் மேசையைத் தட்டுகிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இந்தச் சண்டையை நான் எத்தனையோ வருஷத்துக்கு முன்பே லாயாங் லாயாங் என்கிற சின்ன ஊரின் ரயில் மேடையில் நின்று போட்டு, ஜெயித்தும் விட்டேன். ஜெயித்தேன் என்று நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, என்ன செய்வது?

அப்போது ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் கடலை நிரவிக் கோஸ்வே பாதை போட்டுக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து ரயில் நேராக எங்கள் பக்கம் வரும். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாவற்றோடும் தகரப் பெட்டியில் படச்சுருளும் வர ஆரம்பித்திருந்தது. படங்கள் அன்றைக்கு ஊமை. நடுநடுவே திரையில் எழுத்து வரும், அதுவும் இங்கிலீஷில். எங்கள் ஜனத்தில் தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பவர்களையே விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் திரைக்கு ஓரமாக ஒருவன் நின்று, தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு, இவன் யார், அவள் ஏன் அழுகிறாள் என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவன் நான்தான்.

அதற்கு முன்னால் நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தேன். நன்றாகவே சீவுவேன். ஆனால் வாய் சும்மா இருக்காது. காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லாரையும் வரிசையாக நிறுத்தித் தலை எண்ணுவார்களே, அந்தப் பெரட்டில் நிற்கும்போதுகூடப் பின்னால் இருப்பவனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் கதையில் நான் ஒரு ராஜாவின் குரலில் பேச, வரிசை முழுக்கச் சிரித்துவிட்டது. அந்த ராஜாவின் குரல் எங்கள் கங்காணியின் குரலைப் போலவே இருந்ததாம். இருந்ததுதான். வேண்டுமென்றேதான் அப்படிப் பேசினேன்.

கங்காணி என்னை வரிசையிலிருந்து வெளியே இழுத்து நிறுத்தினார்.

"கத சொல்லியே சோறு திங்கலாம்னு நெனப்பாடா ஒனக்கு? போ, போயி சொல்லிப் பாரு. வயிறு காஞ்சு திரும்பி வருவ. பெரட்டு அஞ்சு மணிக்கு. ஞாபகம் வச்சுக்க, நாலரைக்கே வந்து கையக் கட்டிக்கிட்டு நிக்கணும்."

எனக்கும் சூடு ஏறிவிட்டது. பால் வாளியை அவர் காலடியில் வைத்துவிட்டு நடந்தேன். என் மனைவி சீவும் மர நிரை அதே தோட்டத்தில் இருந்ததால், தோட்டம் கொடுத்த லயத்து வீடு மட்டும் தப்பியது. அவள் என்னை வையவில்லை. "நாலரைக்கு மட்டும் போயி நிக்காதீங்க, ஆமா" என்றாள். அதற்குப் பிறகு நான் பயந்ததெல்லாம் அந்த ஒன்றுக்குத்தான். பட்டினிக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை. பயமெல்லாம் அத்தனை பேர் பார்க்க அந்த வரிசையில் மறுபடி போய் நிற்பதற்குத்தான்.

லாயாங் லாயாங்கில் ரப்பர் ஷீட் அடுக்கும் கிட்டங்கி ஒன்றைச் சீன முதலாளி ஒருவர், நாங்கள் தவுக்கே என்போம், படக்கொட்டகை ஆக்கியிருந்தார். பலகைச் சுவர், தகரக் கூரை, உள்ளே நுழைந்தால் புகை போட்ட ரப்பர் வாசம். பலகை இடுக்குகளில் கோணிச் சாக்கைச் செருகிவிட்டால் பட்டப்பகலிலும் இருட்டாகிவிடும். படச்சுருள் ஓட்டும் இயந்திரத்தைக் கையால் சுற்றுவது ஒரு மலாய்க்காரர். சுற்றத் தொடங்கினால் அவர் கை நிதானம் தப்பாது. நான் தவுக்கேயிடம் போய், தோட்டத்து ஜனங்களை உள்ளே கொண்டுவருகிறேன், எனக்குத் திரைப் பக்கம் நிற்க ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார்.

முதல் ஆறேழு வாரம் நான் வாங்கிய அடி கொஞ்சமில்லை. வந்ததெல்லாம் வெள்ளைக்காரப் படம். ஒருவன் கூரைக்குக் கூரை தாவுவான், குதிரையில் துரத்துவான், ஓடுகிற ரயிலில் தொங்குவான். முதல் வாரம் ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். இரண்டாம் வாரம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

"யாருப்பா இவன்? எந்த ஊரு?"

"இவன் அப்பன் ஆத்தா எங்க? கேக்க நாதியில்லாமதான் கூரை மேல ஏறித் திரியிறானா?"

நானும் என்னால் ஆனமட்டும் அந்த வெள்ளைக்காரனுக்கு ஓர் அப்பனையும், தாய்மாமனையும், பங்காளிச் சண்டையையும் கட்டிக் கொடுத்தேன். ஆனால் போன வாரம் நான் கொடுத்த தாய்மாமனை இந்த வாரம் மறந்துவிடுவேன். அவர்கள் மறக்க மாட்டார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. தவுக்கே ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டி, "சத்து காலி சாஜா" என்றார். இன்னும் ஒரே ஒரு தடவை. அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறைந்து, படமும் ஒழுங்காக ஓடி முடியாவிட்டால், தமிழ் ஜனங்களுக்கும் படம் கிடையாது, எனக்கும் இடம் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெட்டி வந்தது. இந்தியாவில் எடுத்த படம். பெட்டியோடு வந்த இங்கிலீஷ் காகிதத்தை வாசித்துச் சொல்ல எனக்கு ஒரே ஆள் ரயில் நிலைய அதிகாரிதான். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கோட்டில் ஒரு மடிப்புக் கலையாது. அவர் நாலு வரி வாசித்ததுமே நான் துள்ளிக் குதித்தேன். அது எங்கள் தோட்டத்துக் கூத்தில் வருஷா வருஷம் ஆடுகிற ராணி கதை.

கதை இதுதான். சண்டையில் நாடு போய்விடும். ராஜாவை எதிரி பிடித்துக்கொண்டு போய் எங்கோ உப்பளத்தில் வேலைக்குப் போட்டுவிடுவான். அவனைத் தேடி ராணி உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக விற்றபடி நடப்பாள். நடுவழியில் மழை பிடிக்கும். ஒதுங்க ஒரு மரம் இருக்காது. உப்பெல்லாம் கரைந்து ஓடிவிடும். வெறுங்கூடையோடு நின்று அழுவாள்.

நான் குதித்ததைப் பார்த்து அதிகாரி காகிதத்தை மடித்து என் கையில் வைத்தார்.

"என்ன காணும், இதுக்குப் போய்ச் சந்தோசப்படுறீர்? உந்தச் சனத்துக்கு முடிவு முதலே தெரியும். தெரிஞ்ச கதையை ஆர் வந்து கொட்டகையில குந்தியிருந்து பாக்கிறது? படம் எண்டால் புதுசாய் ஏதும் காட்ட வேணும். விளங்குதே?"

"புதுசா காட்டித்தான் ஐயா பெஞ்சு காலியா கெடக்கு" என்றேன். "எங்காளுங்களுக்கு ராணியைத் தெரியும். தெரிஞ்ச பொம்பளைக்கு ஒரு கஷ்டம்னா வராம இருப்பாங்களா? நம்ம வீட்டு ஆளு மாதிரி வருவாங்க பாருங்க."

"கூத்திலயே பாத்திட்டினம். பிறகேன் படத்தில?"

"கூத்துல ராணி மீசை வச்சிருக்கா ஐயா."

அது உண்மை. எங்கள் கூத்தில் ராணி வேஷம் கட்டுபவன் காட்டு வேலைக்காரன் ஒருவன். மீசையை எடுக்க மனசில்லாமல் முந்தானையால் மூடிக்கொண்டே ஆடுவான். அதிகாரி சிரித்துவிட்டார். ஆனாலும் தன் கட்சியை விடவில்லை. கொட்டகை பாதி நிறைந்தால் கோட்டைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்காருவதாகச் சவால் விட்டார்.

நான் சுற்று வட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் நடந்தேன். லயத்துக்கு லயம், தண்ணீர்க் குழாயடியில், பால் நிறுக்கும் இடத்தில், கோயில் வாசலில் தகரக் குழலை எடுத்து, ராணி வருகிறாள் என்று மட்டும் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "நெசமான பொம்பளையா?" என்று கேட்டார்கள். "நெசமான பொம்பளைதான்" என்றேன். அவ்வளவுதான்.

சனிக்கிழமை என் மனைவி சமைத்துக்கொண்டே கேட்டாள்.

"உப்புக்கு என்னங்க பண்ணப் போறீங்க?"

"எந்த உப்பு?"

"ராணிக்குப் போடுற உப்பு."

இந்த இடத்தில் எங்கள் கூத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மழையில் உப்புக் கரைந்து ராணி வெறுங்கூடையோடு நிற்பாளே, அப்போது ஆட்டம் நின்றுவிடும். பார்க்க வந்த பெண்கள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த உப்பை அவிழ்த்து, ஒவ்வொருவராகப் போய் அவள் கூடையில் போடுவார்கள். முதல் பிடி கங்காணியுடையது. அது அவருக்கு மரியாதை. கூடை நிறைந்த பிறகுதான் ராணி நடப்பாள், கதையும் நடக்கும். ஒரு வருஷம் உப்புப் பற்றாமல் போய், லயத்துக்கு ஓடி அடுக்களைப் பானையையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். இது தெரியாதவனா நான்? எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். ஆனால் பட உத்தியோகம் என் தலையில் ஏறியிருந்தது.

"அது கூத்து. இது படம்டி. நெழலுக்குப் போயி யாராச்சும் உப்பு போடுவாங்களா? பேசாம இரு" என்றேன்.

அவள் பேசாமல் இருந்தாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஆட்டம். பன்னிரண்டு மணிக்கே ரயில் பாதை ஓரம் முழுக்க ஜனம். சுற்றுத் தோட்டங்கள் மட்டுமல்ல, பாலோ ஊரிலிருந்து ரயிலேறிக்கூட வந்திருந்தார்கள். பெஞ்சு நிறைந்தது, நடைபாதை நிறைந்தது, திரைக்கு முன்னால் பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தார்கள். அதிகாரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குதூகலத்தில் திரும்பியவன் கடைசிப் பெஞ்சைப் பார்த்தேன். கங்காணி உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டில் கட்டிய மூட்டை ஒன்று. நான் விழுவதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த மூட்டையில் என்ன என்று நான் யோசிக்கவே இல்லை.

படம் ஓட ஆரம்பித்தது. அன்றைக்கு எனக்குத் தகரக் குழலே தேவைப்படவில்லை. ராஜா வந்ததும் "ராஜா!" என்று நூறு குரல். எதிரி வந்ததும் வசவு. அப்பன் யார், ஊர் எது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எதிரியின் தாத்தா செய்த துரோகத்தைக்கூட எனக்கு முன்னால் அவர்கள் சொன்னார்கள். மீசையில்லாத ராணி முதல் முதலாகத் திரையில் முகத்தைக் காட்டியபோது பின்பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பிறகு பெண்கள் எல்லாரும் ஒன்றாக உச்சுக் கொட்டினார்கள். இவ்வளவு அழகானவளுக்கா இவ்வளவு கஷ்டம்! அந்த நிமிஷத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மழை வந்தது. யாரோ மேலிருந்து பூவாளியால் ஊற்றுகிற மழை என்று பார்த்தாலே தெரியும், ஆனால் யாருக்கு அது பெரிதாகப் பட்டது? ராணி நனைந்தாள். உப்பு கரைந்தது. கூடையைக் கீழே கவிழ்த்துக் காட்டி, வானத்தைப் பார்த்து அழுதாள். கொட்டகையில் சரசரவென்று சேலைச் சத்தம். முப்பது நாற்பது பெண்கள் எழுந்து நடைபாதையில் திரையை நோக்கி வர ஆரம்பித்தார்கள். எல்லார் கையிலும் முந்தானை முடிச்சு.

படம் நிற்கவில்லை. அது எப்படி நிற்கும்? அழுத ராணி மறைந்தாள். திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்து போனது. அடுத்து பார்த்தால், வெயில் அடிக்கிறது, ராணி வேறோர் ஊரில் நடக்கிறாள், தலையில் கூடை, கூடை நிறைய உப்பு குவிந்து கிடக்கிறது.

நடைபாதையில் வந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். வெளிச்சத்துக்குக் குறுக்கே நின்றதால் திரை முழுக்க அவர்கள் தலை நிழல். அந்த நிழல்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"நிறுத்துங்க! அந்த உப்ப யாரு குடுத்தது?"

குரல் என் வீட்டுக் குரல். என் மனைவிதான். கையில் உப்போடு நின்றாள்.

"நாங்க இன்னும் போடவே இல்ல. யாரு குடுத்தது அவளுக்கு? கூடை எப்படி நெறஞ்சிச்சு?"

"அது வந்து... வழியில வாங்கியிருப்பா" என்று குழலில் சொன்னேன். என் வாழ்நாளில் நான் சொன்னதிலேயே மட்டமான கதை அதுதான். கொட்டகை கொதித்தது. கதையைக் கெடுத்துவிட்டான் என்றார் ஒருவர். நம் கை உப்பு விழாமல் அவள் எப்படிப் புருஷனிடம் போய்ச் சேருவாள் என்று ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். ஆண்கள் பெஞ்சிலிருந்து எழுந்தார்கள். கூட்டம் ஏன் திரையை நோக்கி வருகிறது என்று தெரியாமல் தவுக்கே மிரண்டுபோய், விளக்கை மூடச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். வெயில் உள்ளே அடித்தது. "ஹாபிஸ்!" என்று கையை விரித்தார். முடிந்தது என்று அர்த்தம்.

பின்னாலிருந்து கங்காணியின் குரல் நிதானமாக வந்தது.

"டேய், பெரட்டு அஞ்சு மணிக்குடா."

சிலர் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. அந்த எரிச்சல் வந்திருக்காவிட்டால் எனக்கு அந்த யோசனை வந்திருக்குமா என்பது சந்தேகம். நான் பயந்தால் ஊமையாகிவிடுவேன், கோபம் வந்தால்தான் மூளை வேலை செய்யும். தவுக்கேயிடம் ஓடினேன்.

"காராம், தவுக்கே, காராம்!" என்றேன். காராம் என்றால் மலாயில் உப்பு. பெண்கள் விரித்துக் காட்டிய கைகளை அவருக்குக் காட்டினேன். சண்டை இல்லை, தீ இல்லை, உப்பு மட்டும்தான் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் பயம் போய்க் குழப்பம் வந்தது. அந்தக் குழப்பத்திலேயே, மூலையில் கிடந்த, மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை அள்ளுகிற பெரிய பிரம்புக் கூடையை எடுத்து உதறித் திரைக்குக் கீழே வைத்தேன்.

பிறகு இயந்திரக்காரரிடம் போனேன். ராணி மழையில் நிற்கும் இடத்துக்குச் சுருளைத் திருப்ப முடியுமா? முடியும், விளக்கை மூடிவிட்டுக் கையால் பின்னால் சுற்றலாம் என்றார். அந்த இடத்திலேயே அவளை நிறுத்தி வைக்க முடியுமா? அதற்கு அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விளக்குச் சூட்டுக்கு முன்னால் சுருளை நிறுத்தினால் தீப்பிடித்துவிடும், கொட்டகையே போய்விடும் என்றார்.

"அப்போ நிறுத்த வேணாம். மழ முடிஞ்சதும் திருப்புங்க. மறுபடி மழ. மறுபடி திருப்புங்க. நான் விடுங்கன்னு சொல்ற வரைக்கும் ராணிய விடாதீங்க."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

கதவை மூடினார்கள். நான் திரைக்கு முன்னால் வந்து நின்று குழலை வாயில் வைத்தேன்.

"அம்மாமாரே, படம் எடுத்தவனுக்கு உப்பு யாரு குடுத்தான்னு தெரியல. அதான் அந்த எடத்த விட்டுட்டான். அவன் விட்டா நாம விடுவமா? ராணி திரும்பி வர்றா. வரிசையா வாங்க!"

அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவேன்? தகரக் கூரை அதிர்ந்தது. வரிசை கட்ட ஆரம்பித்தார்கள். அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து கங்காணி எழுந்து, துண்டு மூட்டையை அவிழ்த்துக்கொண்டே நேராக முன்னால் வந்தார். உள்ளே இருந்தது உப்பு. என் வீழ்ச்சியைப் பார்க்க மட்டும் அவர் வரவில்லை. வருஷா வருஷம் போல முதல் பிடி போடவும் வந்திருந்தார். பெண்கள் பழக்க தோஷத்தில் விலகி வழிவிட்டார்கள்.

"மொத உப்பு என்னோடது" என்றார் என்னிடம். பெரட்டில் பேசுகிற அதே குரல்.

நான் குழலை வாயிலிருந்து எடுத்தேன். பிறகு அதே குரலிலேயே, அன்றைக்குப் பெரட்டில் ராஜாவுக்குக் கொடுத்த அதே குரலில், நானும் சொன்னேன்.

"அது தோட்டத்துல. இங்க பெரட்டு என்னோடது. வரிசையில நில்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர் என்னை முறைத்தார். என் மனைவி வரிசையின் தலையில் உப்போடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நடக்கிறது என்று புரியாத தவுக்கே, ஆட்டம் தாமதமாகிற கவலையில் கங்காணியின் தோளைத் தட்டி, "பெலாகாங், பெலாகாங்!" என்று பின்னால் கையைக் காட்டினார். கங்காணி மூட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தார். அந்த நடைபாதை அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

விளக்கு எரிந்தது. மழை வந்தது. முதல் பிடியை என் மனைவி போட்டாள். அடுத்தவள், அடுத்தவள். ராணி அழுது முடிந்ததும் இருட்டு, இயந்திரக்காரர் திருப்புகிற சத்தம், மறுபடி மழை. மூன்றாம் மழையில் யாரோ ஒருத்தி கூத்தில் அந்த இடத்தில் பாடுகிற ஒப்பாரியை எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எங்கோ சிங்கப்பூரிலும் பட்டணத்திலும் பேசும் படம் எப்போது வந்ததோ எனக்குத் தெரியாது. எங்கள் கிட்டங்கியில் அன்றைக்கே படம் பாடியது. ஐந்து மழை பெய்தது. ராணி ஐந்து முறை நனைந்தாள், ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை.

கூடை ஒட்டுப்பால் கூடையாயிற்றே, லேசில் நிறைகிற கூடையா அது? பெண்கள் எல்லாரும் போட்டு முடித்த பிறகும் விளிம்புக்கு நாலு விரல் குறைந்தது. வரிசையில் மிச்சம் ஒரே ஒருவர். கங்காணி வந்து நின்றார். துண்டோடு கவிழ்த்தார். கங்காணி மரியாதைக்குத் தக்க மூட்டை அது. கூடை நிறைந்து குவிந்தது. அதையும் நான் சொல்லத்தான் வேண்டும். அவர் உப்பு இல்லாவிட்டால் அன்றைக்குக் கூடை நிறைந்திருக்காது.

"விடுங்க!" என்று கத்தினேன்.

இங்கிலீஷ் வரி வந்து போனது. வெயில் அடித்தது. ராணி தலையில் நிறைந்த கூடையோடு நடந்து வந்தாள். இந்த முறை யார் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. திரைக்குக் கீழே கூடை குவிந்திருக்கிறது, திரையில் அவள் தலையில் அதே குவியல். பெண்கள் குலவை போட்டார்கள். தவுக்கே தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்து, "மிங்கு டெப்பான், பக்குல் பெசார்" என்றார். அடுத்த வாரம் இன்னும் பெரிய கூடை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுவதை அதற்கு முன் நான் நம்பியதே இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் படம் மாதக்கணக்கில் எங்கள் பக்கம் சுற்றியது. அதன் உண்மைப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. ஜொகூர் தோட்டங்களில் இன்றைக்கும் உப்புப் படம் என்றால்தான் தெரியும். எங்கே போட்டாலும் திரைக்குக் கீழே ஒரு கூடை வைத்தார்கள். மறு வருஷம் அதே போல எல்லாருக்கும் தெரிந்த இன்னொரு கதை படமாக வந்தது. யானை, அரண்மனை எல்லாம் இருந்தது. ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். ஆக, தெரிந்த கதை என்பது மட்டும் போதாது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ரயில் நிலைய அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீரே? கதை தெரிஞ்சபடியால் இல்லைக் காணும், கதைக்குள்ள அவைக்கும் ஒரு வேலை இருந்தபடியால்தான் வந்தவை" என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் கதை தெரியாமல் வேலை எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். இன்றுவரை அவர் பதில் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்த சவாலைப் பற்றியும் பேச மாட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை முடிந்த விதம். ராஜாவும் ராணியும் சேர்ந்து, கதவு திறந்து, ஜனங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியேறினார்கள். போகிற ஒவ்வொருவரும் கூடையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை வீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். கூத்திலும் அப்படித்தான் செய்வார்கள். கடைசியாகக் கங்காணி வந்தார். அவரும் ஒரு சிட்டிகை எடுத்துத் துண்டில் முடிந்தார். என் மனைவி பக்கத்தில் நின்றாள். அவர் என் முகத்தைப் பார்க்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"அடுத்த ஞாயிறு எத்தன மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு" என்றேன். "ஒன்றரைக்கே வந்து நிக்கணும்."

"சரி" என்றார்.

ஒன்றேகாலுக்கே வந்து நின்றார்.